மூளையிடம் முதலில் வயதைக் கேளுங்கள்

(வத்தளையில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் அடிக்கடி கேட்கும் இரண்டு பேச்சுகளை இன்று எடுத்துக்கொள்கிறேன். "பெடியன்களுக்குக் கணக்கு ஓடும், பொம்பிளைப் பிள்ளைகள் பாடமாக்கிப் படிப்பார்கள்" என்பது ஒன்று. "அவன் ஆம்பிளைப் பிள்ளை, அப்படித்தான் துள்ளுவான், அவள் அமைதியான பிள்ளை, அவளால் ஒரு கரைச்சலும் இல்லை" என்பது மற்றது. முன்பு இவை பெரியவர்களின் அனுபவப் பேச்சாக மட்டும் இருந்தன. இப்போது மூளை ஸ்கேன் படங்கள் துணைக்கு வந்திருக்கின்றன. நீல நிறக் கோடுகளோடு ஓர் ஆண் மூளை, செம்மஞ்சள் கோடுகளோடு ஒரு பெண் மூளை. அந்தப் படம் உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கும். படத்தோடு வரும் பேச்சை மறுப்பது கடினம். ஆகவே அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் எண்ணங்களைப் படம்பிடிப்பதில்லை. நரம்புக் கலங்கள் கூடுதலாக வேலை செய்யும் இடத்துக்குக் குருதி கூடுதலாகப் பாய்கிறது. ஒட்சிசன் ஏற்றிய குருதியும் ஒட்சிசனை இழந்த குருதியும் காந்தப் புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இதைக்கொண்டே மூளையின் வேலையைப் படமாக்கலாம் என்று 1990இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. ஐந்து ஆண்டு கழித்து, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மருத்துவக் கல்லூரியில் இருந்த இந்திய வம்சாவளி ஆய்வாளர் பரத் பிஸ்வால், எந்த வேலையும் கொடுக்கப்படாமல் சும்மா படுத்திருந்தவர்களின் மூளையைக் கவனித்தார். இடக்கையை இயக்கும் பகுதியும் வலக்கையை இயக்கும் பகுதியும் மூளையின் இரு வேறு பக்கங்களில் இருப்பவை. கை அசையாதபோதும் அந்த இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. பலர் அதை முதலில் இரைச்சல் என்று ஒதுக்கினார்கள். மூளையின் ஓய்வுநிலை இணைப்புகளை ஆராயும் துறை முழுவதும் இன்று அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. 2001இல் மார்க்கஸ் ரெய்க்கிள், நாம் வெளி வேலை எதிலும் ஈடுபடாதபோது உயிர்ப்போடு இருக்கும் பகுதிகளை அடையாளம் காட்டினார். நினைவுகளை மீட்கும்போதும், நாளையைக் கற்பனை செய்யும்போதும், பிறர் மனத்தை ஊகிக்கும்போதும் அவையே முன்னுக்கு வருகின்றன.

சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகளை ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்று கொள்கிறோம். பார்வைக்கு ஒன்று, உடல் அசைவுக்கு ஒன்று, கவனத்துக்கு ஒன்று, தன்னைத்தான் அடக்கி ஒழுங்குபடுத்துவதற்கு ஒன்று என்று பல வலையமைப்புகள். பிள்ளைகளை ஆராய இந்த முறை மிகவும் வசதியானது. பிள்ளை பரீட்சை எழுதவேண்டியதில்லை, கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும். அந்த "அசையாமல்" என்பதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு வயதிலேயே பிள்ளையின் மூளை வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறத்தாழ 90 வீதத்தை எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் இணைப்புகளின் சீரமைப்பு. 2009இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கௌஸ்துப் சுபேக்கரும் வினோத் மேனனும் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளை 19 முதல் 22 வயது இளைஞர்களோடு ஒப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகளில் அருகருகே உள்ள பகுதிகளின் பிணைப்பு பலமாகவும், தூரத்துப் பகுதிகளின் பிணைப்பு பலவீனமாகவும் இருந்தது. நம் ஊரைக்கொண்டு சொல்வதானால், எட்டு வயது மூளையில் ஹெக்கித்தையின் ஒழுங்கைகள் எல்லாம் கலகலப்பாக இருக்கின்றன, நீர்கொழும்பு வீதி மட்டும் இன்னும் அகலமாகவில்லை. இருபது வயதில் அந்தப் பெருவீதி திறந்துவிடுகிறது. அதே காலத்தில் செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவும் இதையே கண்டது. அவர்கள் 2010இல் 7 முதல் 30 வயது வரையானவர்களின் 238 ஸ்கேன்களைக் கணினிக்குக் கொடுத்து, இணைப்புகளை மட்டும் வைத்து ஒருவரின் மூளை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று கணிக்க முடியும் எனக் காட்டினார்கள். 

இனி அந்தச் சிக்கல். ஸ்கேனுக்குள் பிள்ளை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தலையை அசைத்தால்கூட, அருகருகே உள்ள பகுதிகள் பலமாகப் பிணைந்திருப்பதுபோலவும் தூரத்துப் பகுதிகள் பிணைப்பற்றிருப்பதுபோலவும் படம் மாறிவிடும். சின்னப் பிள்ளைகளில் கண்டதாகச் சொன்ன அதே கோலம்! சின்னப் பிள்ளைகள்தானே அதிகம் அசைவார்கள். 2012இல் இதை உரக்கச் சொன்னவர்கள் யார் தெரியுமா? அதே செயின்ட் லூயிஸ் குழுவினர். தங்கள் ஆய்வுகளையே பாதிக்கும் குறையைத் தாங்களே தேடிக் கண்டு, பெயரிட்டு, வெளியிட்டார்கள். இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும்போது முடிவுகளைப் போலவே இத்தகைய திருத்தங்களையும் கற்பிக்கவேண்டும். அசைவின் பிழையைக் கழித்த பிறகு வயதின் தடம் சிறுத்தது; ஆனால் அழியவில்லை. பல்லாயிரம் பிள்ளைகளைக் கொண்ட பின்னைய ஆய்வுகளிலும் அது நிற்கிறது. ஒவ்வொரு வலையமைப்பும் வயதோடு தன்னுள் இறுகுகிறது, மற்றவற்றிலிருந்து தெளிவாகப் பிரிகிறது. தன்னை அடக்கும், திட்டமிடும் வலையமைப்புகள் இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றன.

வயது இவ்வளவு பேசுகிறது என்றால் நம் வகுப்பறையை ஒரு தடவை பாருங்கள். ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளை முதலாம் தரத்தில் சேர்கிறது. ஆகவே ஒரே வகுப்பில் பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆண்டு ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அருகருகே இருக்கிறார்கள்; இருவருக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு முழு ஆண்டு. ஆறு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அங்கே வகுப்பைப் பிரிக்கும் எல்லை டிசம்பர் 31. வகுப்பில் மிக இளையவர்களான டிசம்பர் மாதப் பிள்ளைகளுக்கு, ஜனவரி மாதப் பிள்ளைகளைவிட, கவனக்குறைவு-மிகைத்துடிப்பு என்ற நோய் நிர்ணயம் ஆண்களில் 30 வீதமும் பெண்களில் 70 வீதமும் கூடுதலாகக் கிடைத்திருந்தது. அவர்களில் எத்தனையோ பேருக்கு இருந்தது வயதுக் குறைவு, எழுதப்பட்டது நோய். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் பத்து வயதுப் பிள்ளையை அளந்து, தமக்குத் தாமே "இவனுக்கு மூளை குறைவு" என்று தீர்ப்பு எழுதும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை எந்த மாதத்தில் பிறந்தது?

இப்போது ஆண், பெண் விடயத்துக்கு வருவோம்.

நான் முதலில் சொன்ன நீல, செம்மஞ்சள் படம் 2013 டிசம்பரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ராகினி வர்மாவின் குழு 8 முதல் 22 வயது வரையான 949 பேரை ஆராய்ந்தது. ஆண்களில் மூளையின் ஒவ்வொரு பாதிக்குள்ளும் இணைப்பு கூடுதல், பெண்களில் இரு பாதிகளுக்கும் இடையே இணைப்பு கூடுதல் என்பது முடிவு. பத்திரிகைகள் அதிலிருந்து வரைபடம் வாசிக்கும் ஆண்களையும் பல வேலைகளை ஒன்றாகச் செய்யும் பெண்களையும் உருவாக்கிவிட்டன. அந்த ஆய்வில் அளந்தது நரம்பு நார்களின் அமைப்பை; வேலை செய்யும் வலையமைப்பை அல்ல. அதைவிட முக்கியமானது, 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வேறுபாடு மிகச் சிலவே என்று அந்த ஆய்வே சொன்னது. அந்த வரியை யாரும் பரப்பவில்லை. அமைப்பைப் பற்றிய பழைய கணக்குகளையும் நேராக வைக்கவேண்டும். ஆண்களின் மூளை சராசரியாக 11 வீதம் பெரியது; உடலும் பெரியதுதானே. 2021இல் ஆய்வாளர் லிஸ் எலியட் முப்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த அளவு வேறுபாட்டைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ ஒரு வீதம் என்றார்.

வேலை செய்யும் வலையமைப்புகளை எடுத்தால் நேர்மையான விடை இரண்டு பக்கமும் கொஞ்சம் கசக்கும். வேறுபாடே இல்லை என்று சொல்லமுடியாது. 2015இல் சற்றர்த்வெய்ற் என்ற ஆய்வாளரின் குழு 9 முதல் 22 வயது வரையான 674 பேரின் ஸ்கேனைக் கணினிக்குக் கொடுத்து, இது ஆணா பெண்ணா என்று கேட்டது. கணினி 71 வீதம் சரியாகச் சொன்னது. நாணயத்தைச் சுண்டினாலே 50 வீதம் சரி வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள். நூறு பிள்ளைகளில் 29 பேரைக் கணினி மாற்றிச் சொல்லியிருக்கிறது. 2024இல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஆழ்கற்றல் முறையில் 90 வீதத்தைத் தாண்டியது. அதில் பங்குபற்றியவர்கள் 20 முதல் 35 வயதுப் பெரியவர்கள். பெரியவர்களில் கண்டதை ஆறாம் தரப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது. இன்னொன்று: ஆயிரம் சிறு அடையாளங்களைக் கூட்டி ஒரு கணினி ஆண், பெண் என்று பிரிப்பது வேறு, ஒரு பிள்ளைக்குக் கணிதம் வருமா என்று சொல்வது வேறு. அந்த ஆய்வுகளில் எதுவும் இரண்டாவதைச் செய்யவில்லை. 2015இல் ஆய்வாளர் டாஃப்னா ஜோயெல் 1,400க்கும் மேற்பட்ட மூளைகளைப் பார்த்துச் சொன்னது இதுவே: எல்லாக் கூறுகளிலும் ஆண் பக்கமாகவே நிற்கும் மூளையும், எல்லாவற்றிலும் பெண் பக்கமாகவே நிற்கும் மூளையும் மிக அரிது. பெரும்பாலானவர்களிடம் இரண்டும் கலந்திருக்கின்றன.

பிள்ளைகளைப் பற்றிய பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடக்கிறது. 2016 தொடக்கம் 21 நிலையங்களில் 9, 10 வயதுள்ள ஏறத்தாழ 11,800 பிள்ளைகளைச் சேர்த்து, அவர்கள் வளரும்வரை பின்தொடர்கிறார்கள். அதிலிருந்து 4,757 பிள்ளைகளை எடுத்து 2024இல் எல்விஷா தமாலாவின் குழு ஒரு நுட்பமான கேள்வியைக் கேட்டது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலை ஒரு புறமும், பிள்ளை தன்னை எப்படி உணர்கிறது, எப்படி விளையாடுகிறது என்ற பால்நிலையை மறு புறமும் தனித்தனியே அளந்தார்கள். இரண்டும் மூளையின் இணைப்புகளில் தடம் வைத்திருந்தன. தடங்கள் பெரும்பாலும் வெவ்வேறு வலையமைப்புகளில் இருந்தன. உடலும் வாழ்க்கையும் தத்தம் வழியில் அங்கே எழுதுகின்றன என்றே இதை நான் வாசிக்கிறேன்.

வாழ்க்கை எழுதுவதற்குச் சான்று நம் அயலிலேயே இருக்கிறது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, ஆறு மாதம் தேவநாகரி எழுத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்குமுன்னும் பின்னும், சும்மா படுத்திருந்தபோது அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவு: கண்ணிலிருந்து வரும் செய்தியைக் கடத்தும் மூளைத்தண்டு, தலமசு ஆகிய ஆழமான பகுதிகளுக்கும் பார்வைப் புறணிக்கும் இடையிலான ஒத்திசைவு கூடியிருந்தது. வளர்ந்துவிட்ட ஒரு பெண் ஆறு மாதம் எழுத்துக் கற்றாலே மூளையின் இணைப்பு மாறுகிறதென்றால், பத்து ஆண்டுகள் பந்தோடு வளர்ந்த பையனுக்கும் பத்து ஆண்டுகள் குசினியிலும் தம்பியைப் பார்ப்பதிலும் வளர்ந்த பெண் பிள்ளைக்கும் ஸ்கேனில் வேறுபாடு தெரிவதில் என்ன வியப்பு? பத்து வயதில் காணும் வேறுபாட்டைப் பிறவி என்று சொல்ல அந்தப் படம் மட்டும் போதாது.

இந்தத் துறையின் பெரும் தரவு மேற்கு நாடுகளிலிருந்து வருவது உண்மையான குறை. அதை நிரப்ப இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் தலைமையில் 6 முதல் 23 வயது வரையானவர்களை ஏழு நிலையங்களில் ஆராயும் பெரிய திட்டம் தொடங்கப்பட்டது. இந்தியர்களுக்கென்றே வயதுவாரியான மூளை மாதிரி வரைபடங்களும் 2020இல் வெளிவந்தன. வீட்டில் தமிழும் வீதியில் சிங்களமும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய தென்னாசிய ஆய்வுகளே நெருங்கிய கண்ணாடி. இலங்கையும் இதில் சேரவேண்டும்.

அடுத்து, பாடசாலை விடயம். வத்தளையிலிருந்து விடியற்காலையில் களனிப் பாலத்தைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கும் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் போகும் நம் பிள்ளைகளில் கணிசமானோர் ஆண்கள் பாடசாலைக்கோ மகளிர் பாடசாலைக்கோதான் போகிறார்கள். அந்தப் பாடசாலைகளின் சேவையையும் மரபையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தனிப் பாடசாலைக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம்: நம்பிக்கை, பாதுகாப்பு, மரபு. மூளை ஒரு நியாயம் அல்ல. 2014இல் 21 நாடுகளின் 184 ஆய்வுகளை, 16 இலட்சம் மாணவர்களின் பெறுபேறுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணி முதலியவற்றைச் சரியாகக் கணக்கில் எடுத்த ஆய்வுகளில், தனிப் பாடசாலைக்கும் கலவன் பாடசாலைக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆண்களின் மூளைக்கு ஒரு கற்பித்தல் முறை, பெண்களின் மூளைக்கு இன்னொன்று என்று யாராவது செயலமர்வு நடத்திக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சாதாரண தரம் முடிந்ததும் வரும் பாடப்பிரிவுத் தெரிவும் அப்படியே. நம் நாட்டில் பல்கலைக்கழகம் புகுவோரில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் பொறியியல் பீடங்களில் அவர்கள் சிறுபான்மை. பௌதிகத்திலும் இணைந்த கணிதத்திலும் நல்ல சித்தி பெறக்கூடிய பெண் பிள்ளையை "உனக்கு உயிரியல் சரி, கலை சரி" என்று திருப்பிவிடுவது வீட்டுப் பேச்சு. அதே பேச்சு மொழியில் திறமையுள்ள பையனையும் கணிதப் பிரிவுக்குள் தள்ளி மூன்று தடவை பரீட்சை எழுதவைக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பால் வேறுபாட்டைக் கட்டாயம் கவனிக்கவேண்டிய ஓரிடத்தைச் சொல்கிறேன். இன்றைய பேச்சில் எனக்கு மிக முக்கியமானது இதுவே. ஓட்டிசம் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில் வருவதாக நீண்டகாலம் சொல்லப்பட்டது. 2017இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வைத்தியரிடம் ஏற்கெனவே பதிவானவர்களை மட்டும் எண்ணாமல் மக்களிடையே நேரில் தேடிப் பார்த்த ஆய்வுகளில் விகிதம் மூன்றுக்கு ஒன்றுக்கு அருகில் வந்தது. அப்படியானால் கண்ணில் படாமல் போகும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022இல் சுபேக்கரும் மேனனும் ஓட்டிசம் உள்ள 773 பேரின் வலையமைப்புகளை ஆராய்ந்தார்கள். 637 ஆண்கள், 136 பெண்கள். உடல் அசைவு, மொழி, இடம் சார்ந்த கவனம் ஆகியவற்றுக்கான வலையமைப்புகளில் ஆண்களும் பெண்களும் வேறுபட்டார்கள். ஆண் பிள்ளைகளை வைத்து வரைந்த அடையாளங்களால் பெண் பிள்ளையைத் தேடினால் தவறவிடுவோம் என்பதற்கு இது ஒரு தடயம். திரும்பத் திரும்பக் கைகளை ஆட்டும் பையனை எல்லோரும் கவனிக்கிறார்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அப்படியே நடித்து, வீட்டுக்கு வந்ததும் உடைந்து அழும் பெண் பிள்ளையை "கூச்ச சுபாவம்" என்று விட்டுவிடுகிறோம். கவனக்குறைவிலும் இதே கதை. துள்ளும் பையன் வைத்தியரிடம் போகிறான்; யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைக்கு "கனவு காண்கிறாள்" என்ற பெயர் கிடைக்கிறது.

இது தூரத்துக் கதை அல்ல. இலங்கையில் நகரம் சார்ந்த ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 93க்கு ஒரு பிள்ளையில் ஓட்டிசம் இருந்தது. அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் மூன்று வகுப்புகளுக்கு ஒரு பிள்ளை.

பிள்ளை பிறந்ததும் நம் கிளினிக்கில் தரும் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. நிறை, உயரக் கோடுகள் இருபாலாருக்கும் வேறானவை. அதற்கு நல்ல காரணம் உண்டு, உடல் வளர்ச்சி உண்மையாகவே வேறுபடுகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, இருத்தல், தவழுதல், நடத்தல் ஆகியவற்றுக்கு 2006இல் நியமம் வகுத்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நியமம் தேவையில்லை என்று முடிவு செய்தது. பேச்சு விடயத்திலும் "ஆம்பிளைப் பிள்ளை, பேச்சுப் பிந்தித்தான் வரும்" என்று சொல்லி ஓராண்டு காத்திருக்காதீர்கள். சராசரியில் பெண் பிள்ளைகள் சில வாரம் முந்தலாம். இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை, ஆணோ பெண்ணோ, காட்டத்தான் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. ஆசிரியர்களே, உங்கள் வகுப்புப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே பிறந்த மாதத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பின்தங்குவதாகத் தோன்றும்போது அதை முதலில் பாருங்கள். உங்களுக்கு ஒரு கரைச்சலும் தராத பெண் பிள்ளைகளில் இடைவேளையில் தனியே நிற்பவர் யார் என்று இந்த வாரமே கவனியுங்கள். பெற்றோர்களே, சந்தேகம் வந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். அங்கிருந்து பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும், ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இருக்கும் ஆயதி நிலையத்துக்கும் வழிகாட்டுவார்கள். ராகமை நமக்கு மிகப் பக்கம். தமிழில் விளக்கம் வேண்டுமென்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. பிள்ளையையும் பிறந்தபோது தந்த பதிவேட்டையும் கொண்டு போங்கள்.